அலை செதுக்கிய கரையும் ஆள் செதுக்கிய சாலையும்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபடுவது தமிழர் மரபு. கல்லைக் கண்டு தேர்வது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. இறந்தவனை மறவாதிருக்க வேண்டும் என்னும் உணர்வு மனித குலத்திற்குப் பொதுவானது. அவ்வுணர்வு கொள்ளும் வடிவமே நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஒரு நாட்டார் கல் நட்டனர். ஒரு நாட்டார் தூண் எழுப்பினர். ஒரு நாட்டார் மண்டபம் கட்டினர். ஆஸ்திரேலிய நாட்டின் தென்கிழக்கில் விக்டோரியா மாநிலத்தார் ஒரு சாலை அமைத்தனர். கடலோரமாக 243 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அச்சாலைக்குக் ‘கிரேட் ஓஷன் ரோடு’ என்று பெயர். பெருங்கடற் சாலை என நாம் அதனைத் தமிழில் வழங்கலாம்.

இன்று இச்சாலையை உலகம் அறிந்திருப்பது அதன் இயற்கை எழிலுக்காக. ஒருபுறம் காடடர்ந்த மலை, மறுபுறம் ஓயாது குமுறும் தென்கடல், இடையே வளைந்து வளைந்து செல்லும் ஒற்றைச் சாலை. குறிஞ்சியும் முல்லையும் நெய்தலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் அந்நிலத்தில் கார்ப்பயணம் செய்வோரும், மலைவழி நடப்போரும், அலைமேல் சறுக்குவோரும் ஆண்டு முழுவதும் திரள்கின்றனர். மேற்படிப்புக்காக மெல்போர்ன் நகரம் செல்லும் தமிழ் மாணவர்களும் விடுமுறை வந்ததும் நாடிச் செல்லும் இடங்களுள் இஃது ஒன்று. ஆயினும் அக்கரையின் அழகு எதனால் விளைந்ததோ, அதனாலேயே அதன் ஆபத்தும் விளைந்திருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து அறிந்து செல்பவரே நல்ல பயணி என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாலை பிறந்த கதை

முதல் உலகப் போரில் ஏறத்தாழ 60,000 ஆஸ்திரேலியர் உயிர் துறந்தனர். மக்கள்தொகை ஐம்பது இலட்சத்தை எட்டாத ஒரு நாட்டிற்கு அஃது ஈடுசெய்ய இயலாத இழப்பு. மீண்டு வந்தவர்களுக்கோ வேலை இல்லை. இந்நிலையில் நாட்டுப்புறச் சாலை வாரியத்தின் தலைவராக இருந்த வில்லியம் கால்டர், போரிலிருந்து திரும்பும் வீரர்களைக் கொண்டு சாலைகள் அமைக்கலாம் என்று கருத்துரைத்தார். ஜீலாங் நகரத் தலைவராக விளங்கிய ஹோவர்ட் ஹிட்ச்காக் இக்கருத்தைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்றுக்கொண்டார். 1918-ஆம் ஆண்டில் அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது, நன்கொடை திரட்டப்பட்டது, ஹிட்ச்காக் தம் சொந்தப் பொருளையும் வழங்கினார். மாண்டவர்க்கு நினைவுச் சின்னம், மீண்டவர்க்கு வேலை, கடல்வழியன்றி வெளியுலகத் தொடர்பு அரிதாயிருந்த கரையோர ஊர்களுக்குத் தரைவழி என மூன்று பயன்களை ஒரே சாலையில் அவர் கண்டார்.

1919-ஆம் ஆண்டு செப்டம்பரில் வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ 3,000 முன்னாள் வீரர்கள் இதில் உழைத்தனர். இன்று நாம் காணும் பெரும் பொறிகள் அன்று இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, குதிரைவண்டி, பாறை பிளக்கும் வெடிமருந்து ஆகியவையே அவர்களுடைய கருவிகள். செங்குத்தான மலைச்சரிவில் நின்று, கீழே கடல் குமுற, அவர்கள் பாறையைக் குடைந்து வழி அமைத்தனர். கூடாரங்களிலேயே தங்கினர். எட்டு மணி நேர வேலைக்கு 10 ஷில்லிங் 6 பென்ஸ் கூலி பெற்றனர். போர்க்களத்தில் தப்பியவர்களுள் சிலர் இப்பணியில் உயிரிழந்தனர் என்பதனை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

ஈஸ்டர்ன் வியூ முதல் லோர்ன் வரையுள்ள பகுதி 1922 மார்ச்சில் திறக்கப்பட்டது. சாலைப் பணிக்கான செலவை ஈடுகட்டச் சுங்கம் தண்டப்பட்டது. அப்போலோ பே வரை வழி முடிந்து, 1932 நவம்பர் 26 அன்று முறையாகத் திறப்பு விழா நடைபெற்றது. ஆனால், அவ்விழாவைக் காண ஹிட்ச்காக் உயிருடன் இல்லை. மூன்று மாதங்களுக்கு முன்னர், ஆகஸ்டு மாதத்தில், இதய நோயால் அவர் மறைந்துவிட்டார். விழா ஊர்வலத்தில் ஆளுநரின் வண்டிக்குப் பின்னால் ஹிட்ச்காக்கின் கார் அவரின்றிச் சென்றது. 1936-இல் அறக்கட்டளை சாலையை அரசிடம் ஒப்படைத்தது, சுங்கமும் நீக்கப்பட்டது.

ஈஸ்டர்ன் வியூ என்னுமிடத்தில் சாலைக்கு மேலே மரத்தால் ஆன நினைவு வளைவு ஒன்று நிற்கிறது. அதன் அருகே மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்திய உழைப்பாளர் இருவரின் வெண்கலச் சிலை உள்ளது. வளைவின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்வோர் பலர். தாம் செல்லும் சாலையே நினைவுச் சின்னம் என்பதனை அறிந்து செல்வோர் சிலரே. 2011-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இச்சாலை இடம்பெற்றது.

சாலைக்கும் முன்னரே அங்கு மனிதர் வாழ்ந்தனர் என்பதையும் மறத்தலாகாது. வதவுரங், கதுபனுத், கிழக்கு மார் முதலிய தொல்குடி மக்களின் தாயகம் அது. அவர்கள் உண்டு எறிந்த சிப்பிகளின் மேடுகள் இன்றும் கரை நெடுகக் காணப்படுகின்றன. கிழக்கு மார் மக்களின் பூர்விக நில உரிமையை 2023 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றுத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை சென்றடையும் நிலத்துள் பெருங்கடற் சாலையின் ஒரு பகுதியும் அடங்கும்.

இருவகைப் பாறை, இருவகைக் கரை

சாலையில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் செல்பவர் ஒரு மாற்றத்தை உணர்வார். டார்க்கீ என்னும் ஊரில் தொடங்கும் சாலை, ஏரீஸ் இன்லெட்டைக் கடந்தபின் அப்போலோ பே வரை கடலைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. பின்னர் கடலை விட்டு விலகி, ஆட்வே மலைக்காட்டிற்குள் நுழைகிறது. அதனைக் கடந்து மீண்டும் கடலை அடையும்போது, மலைகளைக் காணோம். மேசைபோற் சமமான நிலம் திடீரென்று வெட்டுண்டு கடலுக்குள் இறங்குகிறது. இம்மாற்றத்திற்குக் காரணம் பாறை வேறுபாடே.

கிழக்குப் பகுதியில் உள்ளவை மணற்பாறையும் சேற்றுப்பாறையும். இவை நூறு மில்லியன் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையவை. இவை படிந்த காலத்தில் ஆஸ்திரேலியாவும் அண்டார்க்டிக்காவும் ஒரே நிலப்பரப்பாய் இணைந்து, தென்துருவத்தை ஒட்டிக் கிடந்தன. அக்காலத்து டைனோசர்களின் எலும்புகளை ஆட்வே முனைக்கு அருகில் உள்ள ஒரு சிறு குடாவில் 1980-களில் அறிஞர்கள் அகழ்ந்தெடுத்தனர். அதனால் அவ்விடம் ‘டைனோசர் கோவ்’ என்றே வழங்கப்படுகிறது. நீண்ட துருவ இரவின் இருளிலும் குளிரிலும் வாழ்ந்த விலங்குகள் அவை என்பது உலக அறிஞர்களை வியப்பில் ஆழ்த்திற்று.

மேற்குப் பகுதியில் உள்ளது சுண்ணாம்புப்பாறை. கடலடியில் மாண்ட நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து, ஏறத்தாழ 15 முதல் 20 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் உருவானது. பின்னர் நிலம் உயர்ந்து, கடல் விலகி, அது தரையாயிற்று. சுண்ணாம்புப்பாறை மென்மையானது, அதனை அலை எளிதில் அரிக்கும். தென்கடலின் அலையோ உலகின் வலிய அலைகளுள் ஒன்று. இக்கரையிலிருந்து தென்மேற்கே நோக்கினால் அண்டார்க்டிக்கா வரை இடையில் நிலம் ஏதுமில்லை. ஓயாது வீசும் மேலைக்காற்று அப்பரந்த நீர்வெளியைப் பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்து இக்கரையில் மோதுகிறது. மெல்லிய பாறையும் வலிய அலையும் சந்தித்த இடத்திலேதான் உலகம் வியக்கும் அச்சிற்பங்கள் பிறந்தன.

தூண்கள் எழுந்தமையும் விழுகின்றமையும்

‘ட்வெல்வ் அப்பாசல்ஸ்’ எனப்படும் பன்னிரு சீடர் தூண்களே இச்சாலையின் பெயர்பெற்ற காட்சி. ஏசுநாதரின் சீடர் பன்னிருவரை நினைந்து இட்ட பெயர் இது. ஆனால் அத்தூண்கள் பன்னிரண்டாக என்றும் இருந்ததில்லை. கடலில் தனித்தனியாக நிற்கும் இத்தூண்களுள் உயர்ந்தவை ஏறத்தாழ 45 மீட்டர் உயரம் உடையவை. அதாவது பதினான்கு, பதினைந்து மாடிக் கட்டடத்திற்கு நிகரானவை. காலை, மாலை வெயிலில் இவை பொன்னிறமும் செந்நிறமும் பூண்டு ஒளிரும்.

இவை தோன்றிய முறை எளிதில் விளங்கக் கூடியது. கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமூக்கின் இரு பக்கங்களையும் அலை தாக்குகிறது. பாறையில் உள்ள வெடிப்புகளை அகழ்ந்து குகையாக்குகிறது. இருபுறத்துக் குகைகளும் நடுவே சந்தித்தால் ஒரு வாயில் உண்டாகிறது. மேற்கூரை தாங்காமல் வாயில் இடிந்து விழும்போது, கடற்பக்கத்து முனை கரையிலிருந்து பிரிந்து தூணாக நிற்கிறது. தூணின் அடியையும் அலை விடுவதில்லை. ஒரு நாள் அதுவும் சாய்கிறது. குகை, வாயில், தூண், இடிபாடு என்னும் நான்கு நிலைகளையும் இக்கரையில் சில கிலோமீட்டர் தொலைவிற்குள் ஒருசேரக் காணலாம்.

இவை என்றோ நடந்து முடிந்த செய்திகள் என எண்ண வேண்டா. ‘இலண்டன் பாலம்’ எனப் பெயர்பெற்ற இரட்டை வாயில் பாறையின் கரைப்பக்கத்து வாயில் 1990 ஜனவரி 15 அன்று இடிந்து கடலில் விழுந்தது. அவ்வேளையில் அதன் மறுமுனையில் நின்றுகொண்டிருந்த இருவர், கடல் சூழ்ந்த பாறைமேல் தனித்து நின்றனர். ஹெலிகாப்டர் வந்து அவர்களை மீட்டது. சில கணங்களுக்கு முன்னர் அவர்கள் நடந்து சென்ற வழி அது. பின்னர் 2005 ஜூலை 3 அன்று, பன்னிரு சீடர் தூண்களுள் 50 மீட்டர் உயரமுள்ள ஒன்று சில நொடிகளில் கற்குவியலாயிற்று. எட்டுத் தூண்கள் எஞ்சின. 2009 ஜூனில் ‘தீவு வளைவு’ என்னும் பாறை வாயிலும் சரிந்தது.

கடல் அழிப்பது மட்டும் செய்வதில்லை. இன்றைய நிலமூக்குகளிலிருந்து நாளைய தூண்களையும் செதுக்கிக்கொண்டே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஒலியலைக் கருவியால் கடலடியைப் படமெடுத்தபோது, கரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், 50 மீட்டர் ஆழத்தில், இதே போன்ற ஐந்து தூண்கள் மூழ்கிக் கிடப்பதைக் கண்டனர். பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது அன்றைய கரையில் எழுந்து, பின்னர் நீர் உயர்ந்தபோது மூழ்கியவை அவை. நாம் காணும் கரை, காலம் என்னும் நீண்ட ஏட்டின் ஒரு பக்கமே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மரக்கலங்களின் கல்லறை

சாலை வருவதற்கு முன்னர் இக்கரையைக் கண்டவர் பெரும்பாலும் மாலுமிகளே. அவர்களுக்கு இது கண்கொள்ளாக் காட்சியாக இல்லை. நெஞ்சை நடுக்கும் இடமாக இருந்தது. ஐரோப்பாவிலிருந்து மாதக்கணக்காகப் பயணம் செய்து மெல்போர்னை நெருங்கும் பாய்க்கப்பல்கள், ஆட்வே முனைக்கும் கிங் தீவுக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 90 கிலோமீட்டர் அகல வழியில் நுழைய வேண்டும். பரந்த கடலில் வந்தவர்க்கு அஃது ஊசிக்காதில் நூல் கோப்பதை ஒத்தது. 1845-இல் ‘கட்டராக்கி’ என்னும் கப்பல் கிங் தீவில் மோதி, குடியேற வந்த மக்களுள் ஏறத்தாழ 400 பேர் மடிந்தனர். ஒன்பது பேரே பிழைத்தனர். அப்பேரிழப்பு கலங்கரை விளக்கத்தின் தேவையை உணர்த்திற்று. 1848-இல் ஆட்வே முனையில் விளக்கு ஏற்றப்பட்டது. 1994-இல் அதன் பணி ஓய்ந்தது. கதிரவன் ஆற்றலால் இயங்கும் சிறு விளக்கொன்று அருகில் நின்று அப்பணியை ஏற்றது.

விளக்கு வந்த பின்னரும் கப்பல்கள் உடைந்தன. அவற்றுள் மக்கள் மறவாதது ‘லாக் ஆர்ட்’ கப்பலின் முடிவு. 54 பேருடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அக்கப்பல், 1878 ஜூன் 1 அன்று விடியுமுன், மூடுபனியில் திசை தெரியாமல் பாறைத் தீவொன்றில் மோதிற்று. பனி விலகிக் கரை கண்ணில் பட்டபோது விலக இடமில்லை, நங்கூரமும் பற்றவில்லை. 52 பேர் மாண்டனர். தொழில் பயிலும் இளம் மாலுமியான டாம் பியர்ஸ், கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு, குத்துப்பாறைகளுக்கிடையே இருந்த ஒரு சிறு குடாவின் மணலில் ஒதுங்கினார். அப்போது நீரிலிருந்து ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. தாம் பிழைத்ததே போதும் என்றிராமல், அவர் மீண்டும் கடலில் இறங்கி நீந்தி, ஈவா கார்மைக்கேல் என்னும் அயர்லாந்து மங்கையைக் கரை சேர்த்தார். பின்னர் பாறைச்சுவர் ஏறிச் சென்று ஆட்களை அழைத்து வந்தார். ஈவாவின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் அக்கடலிலேயே மறைந்தனர். அக்குடா இன்று ‘லாக் ஆர்ட் கார்ஜ்’ என்று வழங்குகிறது. அதன் மேட்டில் கல்லறைகள் உள்ளன. 2009-இல் சரிந்த தீவு வளைவில் எஞ்சி நிற்கும் இரு தூண்களுக்கு டாம், ஈவா என்றே பெயரிட்டுள்ளனர்.

அக்கப்பலின் சரக்கில், மெல்போர்ன் பன்னாட்டுக் கண்காட்சிக்கென அனுப்பப்பட்ட ஆளுயரப் பீங்கான் மயில் ஒன்றும் இருந்தது. இரும்புக் கப்பல் நொறுங்கிப் போக, பெட்டியில் இருந்த அம்மயில் ஏறக்குறையப் பழுதின்றிக் கரை ஒதுங்கிற்று. வார்னம்பூல் நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்றும் அதனைக் காணலாம்.

நடப்போரும் அலையில் சறுக்குவோரும்

காரில் அமர்ந்தே கண்டு திரும்புவோர்க்கு இக்கரை தன் முகத்தை மட்டுமே காட்டுகிறது; இறங்கி நடப்போர்க்குத் தன் உள்ளத்தையும் காட்டுகிறது. அப்போலோ பேயிலிருந்து பன்னிரு சீடர் தூண்கள் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமுள்ள நடைவழி ஒன்று உள்ளது. முழுதும் நடக்க ஒரு வாரம் ஆகும். வழியில் கூடாரம் அடித்துத் தங்க இடங்கள் உண்டு. சில இடங்களில் வழி கடற்கரை மணலிலேயே செல்கிறது. அங்கே நீர் வற்றும் வேளையில் மட்டுமே கடக்கலாம். நீர் ஏறினால் மேட்டு வழியாகத் திரும்ப வேண்டும். ஆகவே நடப்பவர் கையில் வழிப்படத்துடன் நீர் ஏற்ற இறக்கக் குறிப்பும் இருத்தல் இன்றியமையாதது. ‘ரெக் பீச்’ என்னும் கடற்கரையில், உடைந்த கப்பல்களின் துருவேறிய நங்கூரங்கள் பாறையிடையே கிடப்பதை இவ்வழியில் செல்வோர் காண்பர்.

காட்டு வழியின் தலைப்புகளில் காலணியைத் தேய்த்துக் கழுவும் தொட்டிகள் வைத்திருக்கின்றனர். மரங்களின் வேரை அழுகச் செய்யும் நுண்ணுயிர் ஒன்று காலணிச் சேற்றில் ஒட்டிக்கொண்டு காட்டுக்குக் காடு பரவுகிறது. அதனைத் தடுக்கவே இவ்வேற்பாடு. ஆட்வேக் காட்டில் பூக்கும் மரங்களுள் உலகிலேயே மிக உயர்ந்து வளரும் யூகலிப்டஸ் வகையும், பாசி படர்ந்த பெரணிப் பள்ளத்தாக்குகளும், லோர்னுக்கு அருகே 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எர்ஸ்கின் அருவியும் உள்ளன. ஒரு மாமரக்காட்டின் உயிர் ஒரு காலணியின் சேற்றில் தொங்குகிறது என்பது எவ்வளவு பெரிய பாடம்!

டார்க்கீக்கு அருகில் உள்ள பெல்ஸ் கடற்கரை அலைச்சறுக்கு விளையாட்டின் திருத்தலம் போன்றது. 1962 முதல் அங்குப் போட்டி நடைபெற்று வருகிறது. அங்கே விளையாடுவோரை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவர்கள் உடனே நீரில் பாய்வதில்லை. நெடுநேரம் மேட்டில் நின்று, அலை எங்கே எழுகிறது, எங்கே உடைகிறது, நீர் எவ்வழியே திரும்புகிறது என்று கணித்த பின்னரே இறங்குகின்றனர். வீரம் என்பது கண்மூடிப் பாய்தல் என்று கருதும் இளைஞர்கள் அவர்களிடம் கற்க வேண்டியது மிகுதி.

தீயும் நிலச்சரிவும்

கடலுக்கு அஞ்சி மலையை நாடுவோர்க்கும் இங்கே கவனம் வேண்டும். யூகலிப்டஸ் இலைகளில் எரியும் எண்ணெய் உள்ளது. வறண்ட கோடையில் வடக்கிலிருந்து அனற்காற்று வீசும்போது ஒரு பொறி போதும். 1983 பிப்ரவரி 16 அன்று விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய மாநிலங்களில் மூண்ட காட்டுத்தீயில் 75 பேர் மாண்டனர். இச்சாலையோர ஊர்கள் பல அன்று எரிந்தன. ஈஸ்டர்ன் வியூ நினைவு வளைவும் சாம்பலாயிற்று. இன்று நிற்பது அதன்பின் எழுப்பப்பட்டது. 2015 கிறிஸ்துமஸ் நாளில் வை ரிவர், செப்பரேஷன் கிரீக் ஆகிய சிற்றூர்களில் 116 வீடுகள் எரிந்தன. ஆயினும் ஓர் உயிரும் போகவில்லை. எச்சரிக்கை வந்தவுடன் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறியமையே காரணம்.

தீ அணைந்ததோடு துன்பம் தீர்வதில்லை. சரிவான மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை மரங்களின் வேர்கள். மரம் கருகினால் வேர் மடிகிறது. வேர் மடிந்த சரிவில் மழை பெய்தால் மண்ணும் பாறையும் சரிந்து சாலையில் விழுகின்றன. 2015-இன் தீயைத் தொடர்ந்து 2016-இன் மழையில் அவ்வாறே நிகழ்ந்து, சாலை மூடப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் மலையைக் குடைந்து செய்த சாலையை மலை மீட்டுக்கொள்ள முயல்வதும், மனிதன் தடுப்புச் சுவர் கட்டிக் காப்பதும் இன்றளவும் தொடரும் போராட்டமாகும்.

செல்வோர் அறிய வேண்டுவன

இனி, மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய சிலவற்றைக் கூறுவோம். 2019-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று, பன்னிரு சீடர் தூண்களுக்கு அருகே ஷெர்புரூக் ஆற்று முகத்தில் சுற்றுலா வந்த ஒருவர் கடலில் இழுபட்டார். போர்ட் காம்ப்பெல் ஊரின் உயிர்காப்புத் தொண்டர்களான தந்தையும் மகனும் படகில் விரைந்தனர். படகு கவிழ்ந்தது. சுற்றுலாப் பயணி பிழைத்தார். தந்தையும் மகனும் மாண்டனர். ஊதியம் பெறாத தொண்டர்கள் அவர்கள். 2024 ஜனவரி 24 அன்று அதே மாநிலத்தின் பிலிப் தீவில், காவலர் இல்லாத கடற்கரையில், இந்திய வம்சாவளிக் குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் மூழ்கி இறந்தனர். கரையறியாது இறங்கும் ஒருவருடைய அடி அவருடைய உயிரோடு நிற்பதில்லை; அவரைக் காக்க ஓடி வருவோரின் உயிரையும் தொடுகிறது.

கடலில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பேரலையன்று. கரையிலிருந்து கடலை நோக்கித் திரும்பி ஓடும் இழுநீரோட்டமே. கரையில் வந்து குவியும் அலைநீர் திரும்பிச் செல்ல ஒரு வாய்க்காலைத் தேடிக்கொள்கிறது. அவ்விடத்தில் அலை குறைவாகவும் நீர் கருத்தும் அமைதியாகவும் தோன்றும். அறியாதவர் அதனையே குளிக்க ஏற்ற இடம் என்று கருதி இறங்குவர். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்தால் களைத்து மூழ்குவர். பதறாமல் மிதக்க வேண்டும். கை உயர்த்தி உதவி கோர வேண்டும். நீந்த வல்லவர் கரைக்கு இணையாக நீந்தி, ஓட்டத்திலிருந்து விலகிய பின்னரே கரை சேர முயல வேண்டும். ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியே காவலர் கண்காணிக்கும் இடம். கொடி இல்லாத கரையில் நீரில் இறங்காதிருப்பதே அறிவுடைமை.

பாறை விளிம்பிலும் கவனம் வேண்டும். மேலே நிற்பவர்க்கு உறுதியாகத் தோன்றும் சுண்ணாம்புப்பாறையின் அடியை அலை குடைந்திருக்கும். வேலிக்கு அப்பால் சென்று படம் எடுக்க முயல்வது, கூரையின் கீழ்த் தூணில்லை என்று அறியாமல் அதன் நுனியில் நிற்பதற்குச் சமம். இலண்டன் பாலம் விழுந்த கதையை நினைவிற் கொள்க.

சாலையைப் பொறுத்தவரை, அங்கும் நம் நாட்டைப் போலவே வண்டிகள் இடப்புறம் செல்கின்றன. ஆயினும் வளைவுகள் மிகுதி. கண்ணுக்குக் காட்சியும் மிகுதி. ஓட்டுபவர் காட்சியில் மயங்கினால் வண்டி எதிர்வரிசைக்குச் சென்றுவிடும். பின்னால் வருவோர்க்கு வழிவிட ஒதுங்குமிடங்கள் அமைத்துள்ளனர், அவற்றைப் பயன்படுத்துக. அந்தி வேளையில் கங்காருக்கள் சாலையைக் கடக்கும். மெல்போர்னிலிருந்து புறப்பட்டு ஒரே நாளில் அனைத்தையும் கண்டு இரவோடு இரவாகத் திரும்ப எண்ணுவது களைப்பையும் விபத்தையுமே தரும். ஓரிரவேனும் தங்கிச் செல்வது உடலுக்கும் நலம், உள்ளத்திற்கும் நிறைவு. கோடையில் தீ எச்சரிக்கையை நாள்தோறும் கேட்டறிதல் கட்டாயம்.

இவற்றையெல்லாம் படித்து, ‘இவ்வளவு ஆபத்தான இடத்திற்கு ஏன் செல்ல வேண்டும்?’ என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். அஞ்சி வீட்டிலிருப்பதும் அறியாமல் பாய்வதும் ஆகிய இரண்டும் ஒரு குறையிலிருந்தே பிறக்கின்றன. அது பொருளை உள்ளவாறு அறியாமை. பாறையின் இயல்பை அறிந்தவர் வேலிக்குள் நின்று அதன் அழகை முழுதும் நுகர்வர். நீரின் ஓட்டத்தை அறிந்தவர் எங்கே இறங்கலாம் என்பதை அறிவர். சாலையின் வரலாற்றை அறிந்தவர் அதில் குப்பை எறியார். வண்டியை வெறியோடு ஓட்டார். மூவாயிரவர் தம் கையால் வெட்டிய அவ்வழி, திரும்பி வராத தோழர்களுக்காக அவர்கள் எடுத்த நடுகல் என்பது அவர் நெஞ்சில் நிற்கும்.

இளைஞர்களே! உலகைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு நம் முன்னோர்க்குக் கிட்டியதினும் உங்களுக்கு மிகுதியாகக் கிட்டியுள்ளது. எந்நாட்டிற்குச் சென்றாலும், செல்லுமுன் அந்நிலத்தின் இயல்பையும் அங்கு வாழ்ந்தோர் வரலாற்றையும் சிறிதேனும் படித்துச் செல்லுங்கள். உள்ளூர்க்காரர் சொல்லும் எச்சரிக்கைக்குச் செவி கொடுங்கள். படித்துச் சென்றவர்க்குக் கல்லும் அலையும் பேசும். உங்களை வழியனுப்பிய பெற்றோர், நீங்கள் நலமே திரும்பி வந்து சொல்லும் கதையைக் கேட்டு மகிழ்வர்.